ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் எத்தனை ஜூல்?

ஆற்றல் அலகுகளை மாற்றும் கணக்கில் தவறு பெருக்கலில் நேர்வது குறைவு; கலோரி என்ற ஒரே பெயரை இரண்டு அளவுகளுக்கு வழங்குவதால்தான் அது பெரும்பாலும் நேர்கிறது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பத்தை வேதியியல் கலோரி என்கிறது. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வதோ கிலோகலோரி, அதாவது அதைப்போல் 1000 மடங்கு. எனவே எண்ணைத் தொடுவதற்கு முன் அலகை முழுப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும்.

முதலில் கலோரிக்கும், ஆற்றலின் மற்றோர் அலகான ஜூலுக்கும் உள்ள அடிப்படைத் தொடர்பு: 1 கலோரி = 4.184 ஜூல். இருபுறமும் 1000 மடங்காக்கினால் 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல்.

அடுத்து, 5 கிராம் சர்க்கரை கொண்ட ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி என்பதால் மொத்தம் 20 கிலோகலோரி, அதை 4.184ஆல் பெருக்கினால் 83.68 கிலோஜூல், அதாவது 83,680 ஜூல்.

விடையை வேதியியல் வழியிலும் சரிபார்க்கலாம். சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்ரோஸ்; அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) நிறை, 342 கிராம். ஒரு மோல் முழுமையாக எரிந்தால் சுமார் 5640 கிலோஜூல் வெளிப்படும். ஆகவே 5 கிராமுக்கு 5 × 5640 ÷ 342, ஏறத்தாழ 82.5 கிலோஜூல். முந்தைய விடையோடு உள்ள சிறு வேறுபாட்டுக்குக் காரணம், 4 என்பது முழு எண்ணாக்கப்பட்ட மதிப்பு என்பதே.

இந்த ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதை உணர, ஒரு தம்ளரில் 250 கிராம் நீர் 30 டிகிரியில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை 100 டிகிரிக்குக் கொண்டுவர 250 × 70 = 17,500 கலோரி போதும். நம் சர்க்கரையிலோ 20,000 கலோரி இருக்கிறது! வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால், காபியில் கலக்கும் அந்த ஒரு கரண்டியே தம்ளர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எதிர்த்திசையில் வகுக்க வேண்டும். ஆஸ்திரேலிய உணவு உறைகளில் ஆற்றல் கிலோஜூலில் அச்சாகிறது. 418 கிலோஜூல் என்றிருந்தால் 418 ÷ 4.184, கிட்டத்தட்ட 100 கிலோகலோரி. பெருக்குவதா வகுப்பதா என்று ஐயம் வந்தால், கிலோகலோரியில் எழுதுவதைவிடக் கிலோஜூலில் எழுதும் எண்தான் எப்போதும் பெரிதாக வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்டுக்கும் இதே முறைதான்: அது 3600 கிலோஜூல், 4.184ஆல் வகுத்தால் சுமார் 860 கிலோகலோரி, சர்க்கரைக் கணக்கில் 215 கிராம்.