ரீஜென்சி நாவலில் ஆள்மாறிய கல்யாணம்: எங்கே சறுக்குகிறது?

ரீஜென்சி காலம் எனப்படும் 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தில் கதை வைக்கும் புதியவர்கள் உடையையும் நடனத்தையும் தேடித் தேடிப் படிக்கிறார்கள். திருமணச் சட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மாறுவேடப் பிரபு கதைக்கு முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

பெயர் பொய், ஆகவே கல்யாணம் செல்லாது

திரும்பத் திரும்ப வரும் தவறு இது. நாயகன் உண்மையில் ஒரு ஏர்ல் (பட்டம் பெற்ற பிரபு) என்று தெரிந்ததும் வக்கீல் வந்து திருமணத்தை ரத்து செய்துவிடுகிறார். அதோடு பாதி நாவல் சரிகிறது.

1754-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கல்யாணத்துக்கு இரண்டு வழிகள்: மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஓலை (மணமக்கள் பெயர் சொல்லும் கல்யாண அறிவிப்பு) வாசிப்பது, அல்லது ஓலை இல்லாமல் மணக்க லைசென்ஸ் வாங்குவது. பொய்ப்பெயரின் விளைவு வழிக்கு வழி மாறும். ஓலை வாசிப்பதே ஊருக்குச் சொல்லத்தான். ஊருக்குத் தெரியாத பெயரை மறைக்கும் நோக்கத்தோடு வாசித்திருந்தால் கல்யாணம் அடிபடும். ஊர் அறிந்ததே அந்தப் பெயர்தான் என்றால் நிற்கும். 1814-இல் பில்லிங்ஸ்ஹர்ஸ்ட் வழக்கில் இதுதான் நடந்தது. ஆபிரகாம் லாங்லி என்பவர் கல்யாணம் நடந்த ஊருக்கு வந்த நாள் முதல் சுமார் மூன்று வருடம் ஜார்ஜ் ஸ்மித் என்றே அறியப்பட்டவர். அந்தப் பெயரில் வாசித்த ஓலை செல்லும் என்றது நீதிமன்றம். லைசென்ஸ் என்றால் பொய்ப்பெயர் மட்டுமே பொதுவாகக் கல்யாணத்தைக் கலைக்காது.

ஆக, நாயகன் அந்த ஊரில் எத்தனை நாள் ஒளிந்திருந்தான், ஓலையா லைசென்ஸா என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு மாதம் என்றால் கல்யாணம் ஆடும். மூன்று வருடம் என்றால் அசையாது. இன்னொன்று: "அவர்கள் சேர்ந்து வாழவே இல்லை" என்பது அங்கே ரத்துக்குக் காரணமே அல்ல. பட்டம், சொத்து பற்றிய பொய்யும் போதாது.

முக்காட்டுக்குள் தங்கை

அக்காவுக்குப் பதில் தங்கை முக்காடிட்டு மணமேடையில் நிற்கும் காட்சி இது. ஆனால் உறுதிமொழியில் மணப்பெண் தன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு பதிவேட்டில் கையெழுத்து, கூடவே இரண்டு சாட்சிகள். அக்காவின் பெயரை அவள் எப்படி உச்சரித்தாள், எந்தப் பெயரை எழுதினாள் என்று காட்டாமல் காட்சியைத் தாண்டாதீர்கள்.

பதிவேடு

தகப்பன் பெயருக்கான கட்டம் 1837-இல்தான் வந்தது. அதை வைத்துக் குட்டு உடைக்காதீர்கள். கையெழுத்தை வைத்து உடைக்கலாம்: ஏர்ல் ஒருவர் பட்டப்பெயரை மட்டுமே எழுதிப் பழகியவர். ஸ்மித் என்று எழுதும்போது கை தயங்கும்.

மாலைநேரக் கல்யாணம்

காலை 8 முதல் 12 வரைதான். மற்ற நேரத்துக்குக் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் ஸ்பெஷல் லைசென்ஸ் வேண்டும்.

ஒரே இரவில் கிரெட்னா கிரீன்

ஓடிப்போகும் ஜோடிகள் மணந்துகொள்ளப் போன ஸ்காட்லாந்து எல்லைக் கிராமம் இது. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். முடியாது.

ட்யூக்கை "மை லார்ட்" என்பது

ட்யூக் என்பது ஏர்லுக்கும் மேலான பட்டம். வேலைக்காரர்களுக்கு அவர் "யுவர் கிரேஸ்".

மொட்டைக் கடிதம்

உறை அபூர்வம், பெரும்பாலும் தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். 1840-க்கு முன் தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்குபவரே கொடுத்தார். கையில் காசில்லாத நாயகி, கணவனின் உண்மைப் பெயர் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம்.