மிச்சம் இருப்பதை நீ எடுத்துக்கொள்: இருவர் ஆட்டத்தில் கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகள்

என் தம்பி தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் வீட்டில் தொலைக்காட்சி ஓடத் தொடங்கிவிடும். ஒரு கண்ட்ரோலரை அவன் எடுத்துக்கொண்டு, இன்னொன்றைச் சோபாவின் மறுமுனையில் இருக்கும் என்னிடம் வீசுவான். திரையில் இரண்டு கதாபாத்திரங்கள் நிற்கும். தனக்குப் பிடித்ததை நொடியில் அமுக்கிவிட்டு, “மிச்சம் இருப்பதை நீ எடுத்துக்கொள், அக்கா” என்பான்.

இருவர் சேர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டுகளில் பாதிச் சண்டை அந்த ஒரு வாக்கியத்தில் பிறக்கிறது. தனியாக ஆடும்போது யாரை எடுத்தாலும் நம் பாடு. தேர்வு தவறினால் நட்டமும் நமக்குத்தான். இருவர் ஆட்டத்தில் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு ஜோடியை. அதை மறந்து எடுத்த முடிவுகளுக்கு நாங்கள் இருவரும் நிறையவே தண்டம் கட்டியிருக்கிறோம்.

முதல் தவறு, கையில் இருப்பது எந்த வகை ஆட்டம் என்று பார்க்காமல் தேர்வில் இறங்குவது. சில ஆட்டங்களில் கதாபாத்திரம் என்பது சட்டை மாற்றுவது போலத்தான். ஓவர்குக்ட் 2-இல் எந்தச் சமையல்காரரை எடுத்தாலும் ஓட்டமும் வெட்டும் ஒன்றே. 2017-இல் வந்த கப்ஹெட்டில் ஒருவர் தலையில் சிவப்பு ஸ்ட்ரா, இன்னொருவரான மக்மேன் தலையில் நீல ஸ்ட்ரா. திறமையில் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது. இத்தகைய ஆட்டங்களில் தேர்வுத் திரையில் பத்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் ஆளுக்கொரு மைலோ கலக்கிக் குடிக்கலாம்.

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 அப்படி இல்லை. 2020-இல் வெளிவந்த இந்தத் தெருச்சண்டை ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வேகமும் பலமும் வேறு. ஃபிளாய்ட் இரும்புக் கைகள் கொண்ட மலை. எதிரியைப் பிடித்தால் விட மாட்டான், ஆனால் நடை ஆமை நடை. கிட்டாரோடு வரும் செர்ரிக்கு அடியில் கனம் குறைவு, ஆனால் ஓடுவாள், எதிரிகளின் தலைமேல் ஏறித் தாவுவாள். நாங்கள் முதல் நாள் என்ன செய்தோம் தெரியுமா? இரும்புக் கைகளைப் பார்த்து மயங்கி இருவருமே ஃபிளாய்டை எடுத்தோம். திரையின் நடுவில் இரண்டு மலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தூரத்திலிருந்து குண்டு வீசுகிறவனை நெருங்க இருவருக்கும் காலில்லை. வலிமையானதை இருவரும் எடுத்தால் வலிமை இரட்டிப்பாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது; குறைதான் இரட்டிப்பாகும். ஒருவர் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த, மற்றவர் தனியாக நிற்கிறவனைத் தேடிப் போக, ஃபிளாய்டும் செர்ரியும் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு அந்தக் கட்டம் கடந்தது.

அதே ஆட்டத்தில் இன்னொரு வம்பும் உண்டு: கீழே கிடக்கும் உணவு. ஆப்பிள் கொஞ்சம் உயிர் தரும், வறுத்த கோழி நிறையத் தரும். யார் எடுப்பது என்று முன்பே பேசாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துவிடுவார். உயிர் முக்கால்வாசி இருந்த தம்பி கோழியைத் தின்றுவிட்டான். நான் அடுத்த அடியில் விழுந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே திரையைப் பார்த்து, “புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாகக் கோழியா?” என்றார். அவர் கவலை அவருக்கு.

இனிப் பெரிய தவறு. ஆட்டத்துக்குப் புதியவரிடம் ‘சுலபமான’ பாத்திரத்தைக் கொடுப்பது. கணவன் மனைவிக்கு, அண்ணன் தங்கைக்கு, அப்பா மகளுக்கு என்று எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். “நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வந்து எனக்கு உதவி செய்தால் போதும்.” கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் உதவி செய்கிறவர் இரண்டு பேரின் வேலையையும் புரிந்துவைத்திருக்க வேண்டும். முன்னால் போகிறவர் எப்போது, எங்கே, என்ன செய்யப்போகிறார் என்று ஊகித்து அதற்கு ஏற்றபடி தன் விரலை அசைக்க வேண்டும். கண்ட்ரோலரில் எந்தப் பொத்தான் எதற்கு என்றே பழகாதவரிடம் இதைக் கேட்பது, சமையலே தெரியாதவரைக் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க அனுப்புவது போல.

இதை நான் புரிந்துகொண்டது இட் டேக்ஸ் டூ ஆடியபோது. ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி 2021-இல் வந்த ஆட்டம். இருவர் இல்லாமல் இதை ஆடவே முடியாது. விவாகரத்துக்குத் தயாராகும் கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடுகிறார்கள். மனைவி மே மரப்பொம்மை, கணவன் கோடி களிமண் பொம்மை. மரத்தில் நடக்கும் கட்டத்தில் கோடியிடம் பிசின் பீச்சும் துப்பாக்கி இருக்கும். மேயிடம் தீக்குச்சி எய்யும் துப்பாக்கி. பிசின் ஒட்டிய இடத்தில் தீக்குச்சி பட்டால் வெடிக்கும். தம்பி கோடி, நான் மே. குளவிகள் வந்தன. அவன் கண்ணில் பட்டதற்கெல்லாம் பிசின் அடித்தான். மரத்துக்கு அடித்தான், தரைக்கு அடித்தான், காற்றுக்கும் அடித்தான். நான் எந்தப் பிசினுக்குத் தீ வைப்பது என்று தெரியாமல் திரையெங்கும் குச்சிகளை இறைத்தேன். கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரம் என்பதால் சண்டையும் கிசுகிசுப்பாகவே நடந்தது. “சுடு, சுடு.” “எதை?” “அதைத்தான்.” முகாமில் குறிபார்த்துச் சுடப் பழகுகிறவன் பேசிய பேச்சு இது.

மறுநாள் இடம் மாறினோம். பிசின் என்னிடம். நான் மெதுவாக ஒரு குளவியை மட்டும் குறிவைத்து, “இடது” என்றேன். அவன் அதே நொடியில் கொளுத்தினான். கை தேர்ந்தவன் பின்னால் வந்ததால் என் தாமதத்துக்கு ஏற்ப அவனால் காத்திருக்க முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வழக்கம்: தொடங்கிவைக்கும் வேலை பழக்கம் குறைந்தவருக்கு, அதைப் பார்த்துத் தொடரும் வேலை பழக்கம் உள்ளவருக்கு. முந்தைய கொட்டகைக் கட்டத்தையும் இப்படியே ஆடியிருக்கலாம். கோடி சுவரில் ஆணியை எறிவான். மே தன் சுத்தியலால் அந்த ஆணியைப் பற்றி ஊசலாடித் தாண்டுவாள். விழுந்தால் விழுவது மேதான். ஆணி எறிகிறவர் நிதானமாக எறியலாம்.

“மே சுலபமா, கோடி சுலபமா?” என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் இந்த ஆட்டத்தில் வீண். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கருவி மாறுகிறது. கடிகாரத்துக்குள் போனால் கோடி காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவான், மே தன் நகலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அங்கே தாவுவாள். ஓர் அத்தியாயத்தில் கொண்டாட்டமாக இருப்பவர் அடுத்ததில் திண்டாடலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களில் யாருக்காவது திரை சுழன்றால் தலைசுற்றுமா? மகள் ரோஸின் அறையில் ஒரு விண்வெளிப் பகுதி வரும். அங்கே மே ஈர்ப்பு பூட்ஸ் அணிந்து சுவரிலும் கூரையிலும் நடப்பாள். அவள் பார்வையும் கூடவே புரளும். கோடிக்கு உடலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வேலைதான். எனக்குப் பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டியது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்து மீண்டும் தொடங்கும்போது ஆளை மாற்றிக்கொள்ள முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. எடுத்த பாத்திரத்தைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

கதாபாத்திரத்தில் வேறுபாடு இல்லாத ஆட்டத்தில் பாணியைப் பற்றிப் பேசாமல் விடுவதும் தவறுதான். கப்ஹெட்டில் ஆயுதங்களைக் கடையில் வாங்கலாம். ‘ஸ்பிரெட்’ நெருங்கி நின்றால் பலமாகத் தாக்கும், தூரம் போகாது. ‘சேஸர்’ தானே எதிரியைத் தேடிப் போகும், பலம் குறைவு. இருவரும் ஸ்பிரெட்டை வாங்கினால் இருவரும் எதிரியின் மடியில் நிற்பீர்கள், ஒரே அடியில் இருவரும் காலி. இந்த ஆட்டத்தில் ஒருவர் இறந்தால் அவர் ஆவி மெல்ல மேலே மிதந்து போகும். திரையை விட்டுப் போவதற்குள் மற்றவர் தாவித் தட்டினால் பிழைத்துக்கொள்வார். தட்டுவதற்கு ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டுமே! குண்டுகளைத் தவிர்ப்பதிலேயே முழுக் கவனமும் போகும் புதியவருக்குச் சேஸர் நல்ல துணை. குறிபார்க்கும் தொல்லை இல்லை.

ஓவர்குக்ட் 2-இல் எங்கள் தவறு வேறு மாதிரி. அங்கே தம்பி முதல் சமையலறையிலேயே வேலையைப் பங்கிட்டுவிட்டான். “நான் வெட்டுவேன், சமைப்பேன். நீ தட்டு கழுவு.” சமையலறை ஒன்றாக இருக்கும்வரை அது ஓடியது. ஆனால் இந்த ஆட்டத்தில் சமையலறையே நடுவில் இரண்டாகப் பிரியும், மேடைகள் நகரும். தொட்டி அவன் பக்கம், அடுப்பு என் பக்கம் என்று ஆன பிறகும் அவன் வெட்டுப்பலகையைத் தேடிக்கொண்டு நின்றான். என் பானை தீப்பிடித்து எரிந்தது.

ஒரு சனிக்கிழமை நான் தொலைபேசியில் இருந்தபோது அம்மா என் கண்ட்ரோலரை எடுத்தார். முதல் ஐந்து நிமிடம் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “நான் இந்த அடுப்புப் பக்கம் வருபவற்றைப் பார்த்துக்கொள்கிறேன், நீ அந்தப் பக்கம் பார்” என்றார். அவ்வளவுதான். ஆளுக்கொரு வேலை என்று இருந்ததை ஆளுக்கொரு இடம் என்று மாற்றிவிட்டார். தன் பக்கம் வெட்ட வேண்டுமென்றால் வெட்டினார், தட்டு குவிந்தால் கழுவினார், வெங்காயம் அந்தப் பக்கம் தேவைப்பட்டால் தூக்கி எறிந்தார். நாற்பது ஆண்டுச் சமையல். தம்பிதான், “அம்மா, தக்காளி” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கடைசியாக, ஆட்டம் வாங்கும்போதே நேரும் ஒன்று. ஹேஸ்லைட் ஆட்டங்களை இணையத்தில் சேர்ந்து ஆட ஒரு பிரதி போதும். நண்பர் ‘ஃபிரெண்ட்ஸ் பாஸ்’ வழியாக இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். இது தெரியாமல் இருவரும் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஜொகூரில் இருக்கும் அத்தை மகனோடு இட் டேக்ஸ் டூ ஆடலாம் என்று நானும் யார் மே, யார் கோடி என்பதுவரை பேசி முடித்துவிட்டேன். அவன் வீட்டில் இருப்பது என்ன கன்சோல் என்று மட்டும் கேட்கவில்லை. அவனிடம் இருந்தது வேறு. அந்த ஆட்டத்தில் வெவ்வேறு கன்சோல்கள் ஒன்றோடொன்று சேராது. அதே நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஸ்பிலிட் ஃபிக்‌ஷனில் சேரும். அதன் இரண்டு பாத்திரங்களில் மியோவை அவன் எடுத்துக்கொண்டான், ஜோயி எனக்கு.