ஸ்டாப் மோஷன் படத்தை ரசிப்பது எப்படி?

பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்து, வரிசையாக ஓட்டுவதுதான் ஸ்டாப் மோஷன். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். இரண்டாவது தடவைதான் வேலையே. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படம் ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையைத் துளி நகர்த்துவார்கள், இல்லையென்றால் ஒரு நிலையையே இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துக்கொள்வார்கள், அப்போது நொடிக்கு 12 நிலை.

முகத்தை விட்டுவிட்டு முடியையும் துணியையும் கவனியுங்கள், கை பட்ட இடமெல்லாம் லேசாக நெளிந்துகொண்டே இருக்கும். களிமண் பொம்மை என்றால் சில சமயம் விரல் ரேகைகூடத் தெரியும் (எனக்கு அதுதான் பிடிக்கும், வழவழவென்று இருந்தால் சுவாரஸ்யம் போய்விடும்). பேசும் காட்சியில் நிறுத்தி நிறுத்தி வாயைப் பாருங்கள். பல படங்களில் ஒலிக்கு ஒரு வாய் செய்து மாற்றி மாற்றி மாட்டுவார்கள். தண்ணீர்தான் ரொம்பக் கஷ்டம், பிளாஸ்டிக் தாளை வைத்தெல்லாம் அலை காட்டுவார்கள். தினமும் கடலைப் பார்க்கிற ராமநாதபுரத்துக்காரர்களிடம் அது தப்புவது சிரமம்!

அப்புறம், நீங்களே ஒரு சோழியை நகர்த்தி எடுத்துப் பாருங்கள். பாம்பன் கரையில் மட்டும் வேண்டாம், அந்தக் காற்றில் ஸ்டாண்டு ஆடும், மேகம் கடந்தால் வெளிச்சம் மாறி படம் மினுக்கும். வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கைப் போட்டு, போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) மாறாதபடி லாக் செய்துவிட்டு 60 படம் எடுங்கள். நொடிக்கு 12 என்று ஓட்டினால் 5 நொடிதான் வரும்.