525 மடங்கு என்று போட்டிருந்தால் பெட்டியைக் கீழே வையுங்கள்

அக்கா மகன் போன மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன் கடையில் இரண்டு டெலஸ்கோப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டிருந்தான். "மாமா, இது 525 மடங்கு பெருசா காட்டுமாம். அது 150தான். ஆனா அதுக்குத்தான் விலை ஜாஸ்தி. ஏமாத்துறாங்களா?" ஏமாற்றுகிறார்கள்தான். யார் என்பதைத்தான் அவன் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் முதல் டெலஸ்கோப்பும் அதே 525தான். 60 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம் (லென்ஸிலிருந்து படம் குவியும் இடம் வரை உள்ள தூரம்), பெட்டி மேல் பளபளவென்று சனிக்கோள். முதல் நாள் ராத்திரியே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) அதை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸையும் மாட்டி வியாழனைத் தேடினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் சிக்கியது, கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாலணா மாதிரி நெளிந்துகொண்டிருந்த ஒரு மங்கல் வட்டம். ஃபோகஸ் திருகைத் தொட்டால் குழாய் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் வியாழன் ஓடிவிடும். மறுபடி தேடல்.

அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவியத் தூரத்தை ஐபீஸின் மி.மீ. அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 700-ஐ நாலால் வகுத்தால் 175. பார்லோவின் 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஒரு டெலஸ்கோப் உருப்படியாகத் தாங்கும் உருப்பெருக்கம், அதன் முன் லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் இரண்டு மடங்குதான். 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. அதே வெளிச்சம் பெரிய பரப்பில் பரவுவதால் 120-இல் தெரிந்ததைவிட 525-இல் படம் கிட்டத்தட்ட 19 பங்கு மங்கிவிடும். பூமி சுற்றுகிறதே, அதனால் அவ்வளவு சிறிய பார்வைப் பரப்பைக் கோள் அரை நிமிடத்துக்குள் கடந்தும் விடும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கில்.

அதனால் முதல் தவறு, உருப்பெருக்கத்தை ஒப்பிடுவது. பெட்டியின் முகப்பில் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தாலே அந்தப் பொருளை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. பார்க்க வேண்டியது விட்டத்தை. 70 மி.மீ.க்கும் 130 மி.மீ.க்கும் பேப்பரில் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் ஒளி சேர்வது பரப்பளவைப் பொறுத்தது. அதில் 130 மூன்று மடங்குக்கும் மேல்.

செலஸ்ட்ரானா, ஸ்கைவாட்சரா?

அடுத்து எல்லோரும் கேட்பது இது. செலஸ்ட்ரான் அமெரிக்கக் கம்பெனி, அதனால் தரமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் பிறந்ததுதான். ஆனால் 2005-இல் அதை சிண்டா என்ற நிறுவனம் வாங்கிவிட்டது. ஸ்கைவாட்சரும் அதே சிண்டாவின் பிராண்டுதான். அண்ணன் கடை நல்லதா, தம்பி கடை நல்லதா என்று சண்டை போடுவதில் என்ன இருக்கிறது? ஒரே பிராண்டுக்குள் இருக்கும் நல்ல மாடலுக்கும் மட்டமான மாடலுக்கும் உள்ள இடைவெளி, இரண்டு பிராண்டுகளுக்கு இடையில் உள்ளதைவிடப் பெரியது.

செலஸ்ட்ரானிலேயே பாருங்கள். பவர்சீக்கர் 127ஈக்யூ என்று ஒன்று, விலைக்கு நல்ல விட்டமாகத் தெரியும். 127 மி.மீ., 1000 மி.மீ. குவியத் தூரம். ஆனால் குழாயை அளந்தால் அரை மீட்டர்தான் இருக்கும். மீதி அரை மீட்டர் எங்கே? ஃபோகஸருக்குள் ஒரு திருத்தும் லென்ஸை வைத்து நீட்டியிருக்கிறார்கள். இதற்கு பேர்ட்-ஜோன்ஸ் அமைப்பு என்று பெயர். கொள்கையளவில் குற்றமில்லை. மலிவாகச் செய்யும்போது படம் கூர்மையாக நிற்பதில்லை, கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் கொலிமேஷன் வேலையும் புதியவருக்குப் பிராணனை வாங்கிவிடும். அதே கம்பெனியின் ஸ்டார்சென்ஸ் வரிசையில் போனை மாட்டினால் எங்கே திருப்ப வேண்டும் என்று வழிகாட்டும் ஏற்பாடு உண்டு. அருமையான விஷயம். ஆனால் அதில் எல்டி 114ஏஇசட் இதே குட்டைக் குழாய் ஜாதி. டிஎக்ஸ் 130ஏஇசட் திருத்தும் லென்ஸ் இல்லாத, நேரான 650 மி.மீ. ரிஃப்ளெக்டர் (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை). பெயர்ப் பலகை ஒன்று, உள்ளே இருப்பது வேறு. குழாயின் நீளத்தைவிடக் குவியத் தூரம் வெகுவாக அதிகமிருக்கும் சாதாரண விலை ரிஃப்ளெக்டர் என்றால் ஜாக்கிரதை.

யூடியூபில் பழைய அமெரிக்கப் பட்டியல்களைப் பார்த்து ஓரியன், மீட் என்ற பிராண்டுகளைத் தேடி அலைபவர்களும் உண்டு. மீடை 2021-இல் ஓரியன் வாங்கியது, 2024-இல் இரண்டும் சேர்ந்தே மூடப்பட்டன. பழைய சரக்கு எங்காவது கிடைத்தாலும் வாரண்டி கேட்டுப் போக ஆள் இல்லை.

காலைப் பாருங்கள்

நான் அதிகம் நொந்தது ஸ்டாண்டால்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போக முடிந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மி.மீ. எண் பெரிதாக உள்ள ஐபீஸை மாட்டித் தூரத்தில் ஒரு செல்போன் டவரை ஃபோகஸ் செய்யுங்கள். குழாயை விரலால் ஒரு தட்டு. எத்தனை நொடியில் படம் நிற்கிறது? இரண்டு மூன்று நொடி என்றால் சரி. ஐந்தாறு எண்ணும் வரை ஆடினால், லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பயனில்லை. மெல்லிய அலுமினியக் கால்களில் நிற்கும் மலிவான செட்டுகளில் பல இங்கேயே தோற்றுவிடும்.

ஆட்டத்துக்குப் பயந்து சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், எடையும் கம்பியும் சக்கரமும் வைத்த ஈக்குவடோரியல் மவுண்டை (பூமியின் சுழற்சிக்கு ஈடாக ஒரே அச்சில் திருப்பும் தாங்கி) வாங்குகிறார்கள். பார்க்க விஞ்ஞானி வீட்டுப் பொருள் மாதிரி இருக்கும். இதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் வானில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நம் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. அதாவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த சின்ன மவுண்டுகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால், எதிர் எடைக் கம்பி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கும். நண்பர் ஒருவர் அதற்காக ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ரிவ்யூ எதிலும் இந்த வில்லங்கம் வராது.

அப்புறம் என்னதான் வாங்குவது? டோப்சோனியன். உள்ளே ஒளியைக் குவிக்கும் பெரிய கண்ணாடி வைத்த குழாய், கீழே மரப்பலகையில் சுழலும் பெட்டி, அவ்வளவுதான். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்து வேதாந்தத் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப்புக்கான குழிக்கண்ணாடி செய்து, தெருவோரம் நிறுத்திப் போகிற வருகிறவர்களுக்கு நிலா காட்டியவர். சிக்கனம் அந்த வடிவத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. காசெல்லாம் கண்ணாடிக்கே போகும். முதல் டெலஸ்கோப்புக்கு என் ஓட்டு ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி போன்ற மேஜை டோப்சோனியனுக்கு. 130 மி.மீ., 650 மி.மீ., குழாயை மடக்கி அலமாரியில் வைத்துவிடலாம். கை தாராளமாக இருந்தால் 6 அல்லது 8 அங்குல டோப்சோனியன். ஆனால் எட்டு அங்குலத்தை மூன்று மாடி ஏற்ற வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். தூக்க முடியாத டெலஸ்கோப் துணி காயப்போடத்தான் பயன்படும்.

மேஜை டோப்சோனியனை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு ஆடுகிறது என்று புகார் சொல்லாதீர்கள். கனமான மர ஸ்டூல் வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஐயாயிரத்துக்குள்தான் முடியும் என்றால் டெலஸ்கோப்பே வேண்டாம். 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலர் வாங்குங்கள். சனி வளையம் தெரியாது. ஆனால் நிலாவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலவுகள் எல்லாம் தெரியும். எங்கேயும் ஆடாமல் பையில் கிடக்கும்.

வாங்கி வந்த பிறகு

பெரிய எண் போட்ட ஐபீஸ்தான் பெரிதாகக் காட்டும் என்று நினைப்பது எல்லோரும் செய்வது. தலைகீழ். 25 மி.மீ. குறைவாகப் பெரிதாக்கும், பரப்பை அகலமாகக் காட்டும். தேடல் எப்போதும் அதில்தான். செட்டோடு வரும் 4 மி.மீ. ஐபீஸையும் பிளாஸ்டிக் பார்லோவையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். தேவையானால் பிறகு ஒரு நல்ல ப்ளோசல் வகை ஐபீஸ் வாங்கிக்கொள்ளலாம். குழாய் மேல் இருக்கும் சின்னக் குறிபார்க்கும் கருவியான ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துக் கோபுரத்தையோ டவரையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். இருட்டில் அதைத் திருகிக்கொண்டிருந்தால் முதல் ராத்திரி அதோடு முடிந்தது.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் தனிக் கதை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் வேர்த்துவிடும். அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள். வெயிலில் வெந்த கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை அனல் விடும். அந்த நேரத்தில் கோள் நெளிந்தால் டெலஸ்கோப் மேல் பழி போட வேண்டாம். பனியில் நனைந்ததை அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். திறந்து காயவிட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். கண்ணாடியில் தூசி தெரிகிறதே என்று சட்டைத் துணியால் துடைத்தால் கீறல்தான் மிச்சம். லேசான தூசி எதையும் கெடுக்காது.

ஒன்றே ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்பு சன் ஃபில்டர் சில செட்டுகளோடு வரும். குவிந்த வெயில் அதன் மேல்தான் விழுகிறது, சூட்டில் விரிசல் விட்டால் கண் போனதுதான். உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்ப்பதானால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் முறையான ஃபில்டர் வேண்டும், ஃபைண்டரையும் மூட வேண்டும்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்ற கணக்கும் தப்பிவிடும். நெபுலா எனும் வாயு மேகங்களின் சிவப்பும் நீலமும் கேமரா நிமிடக்கணக்கில் சேர்த்த ஒளி. நம் கண்ணுக்கு அவை சாம்பல் புகைதான். வண்ணப் படம்தான் வேண்டும் என்றால் சீஸ்டார் போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப் வேறு ஜாதி. அதில் கண் வைக்கவே இடம் கிடையாது, போனில்தான் பார்க்க வேண்டும். கோள்கள் பொடியாகத்தான் தெரியும். சனி வளையமும் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாக ஒடுங்கியது. இப்போதுதான் மெல்ல விரிகிறது, நன்றாக விரிய 2032 ஆகும். மெலிந்த வளையத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். துருவ நட்சத்திரம் தாழ்ந்து கிடப்பதற்குப் பதிலாக, தெற்கே இருக்கும் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. மே மாத இரவு பத்து மணிவாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம் நல்ல உயரத்தில் நிற்கும். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.

என் பழைய 60 மி.மீ. இப்போது அக்கா மகனிடம்தான் இருக்கிறது. பார்லோவை நான் தரவில்லை. 20 மி.மீ. ஐபீஸ் மட்டும் மாட்டி, ஸ்டாண்டின் நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு 35 மடங்கில் நிலாவைப் பார்க்கிறான். நேற்று போன் பண்ணி, வியாழன் பக்கத்தில் மூன்று புள்ளிதான் இருக்கிறது, நாலாவது எங்கே மாமா என்று கேட்டான்.