இரத்தநாளப் பிறவிக் குறிகளுக்கு லேசர்: தொடங்கும் முன்பும் பின்பும்

பிறவியில் தோன்றும் சிவப்புக் குறிகள் எல்லாவற்றுக்கும் லேசர் தேவைப்படுவதில்லை. ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், அது எந்த வகைக் குறி என்பதைத் தோல் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பச்சிளங்குழந்தையின் இமையிலும் நெற்றி நடுவிலும் வெளிர்சிவப்பாகத் தெரியும் திட்டு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மங்கிவிடும். பிறந்த சில வாரங்களில் மளமளவென்று புடைத்து வளரும் இரத்தநாளக் கட்டியான ஹெமாஞ்சியோமா கண்ணை மறைத்தால், முதலில் கொடுப்பது ப்ரோப்ரனோலால் மருந்துதான். பின்னாளில் எஞ்சும் சிவப்புக்கே பெரும்பாலும் லேசர் பயன்படுகிறது. பிறவியிலேயே தட்டையாகச் சிவந்திருக்கும் போர்ட் ஒயின் கறை மட்டும் மறைவதில்லை. குழந்தையோடு சேர்ந்து வளர்ந்து, நடுவயதில் கருஞ்சிவப்பாகித் தடிக்கவும் கூடும். அது நெற்றியிலோ மேலிமையிலோ இருந்தால், லேசரைப் பற்றிப் பேசும் முன்பே கண் அழுத்தத்தையும் மூளை நரம்பு நிலையையும் பரிசோதிக்க வேண்டும். இதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

இக்குறிகளுக்குப் பொதுவாகப் பயன்படுவது, ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் பல்ஸ்டு டை லேசர். அதன் 595 நானோமீட்டர் அலைநீள ஒளியை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சூடாவதால், விரிந்த நுண் இரத்தக்குழாய்கள் சிதைகின்றன. தோலின் நிறமியும் அதே ஒளியை ஓரளவு உறிஞ்சும் என்பதால், மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். வெயிலில் கறுத்த தோலோடு செல்லாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் பூசக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தாகும்.

ஒவ்வொரு ஒளித்துடிப்பும் ரப்பர் வளையம் சுண்டியதுபோல் சுரீரென்று இருக்கும். அறையிலுள்ள அனைவரும் கண்காப்பு அணிய வேண்டும். முடிந்ததும் வட்ட வட்டமாகக் கருநீலத் திட்டுகள் தோன்றுவதைக் கண்டு பெற்றோர் கலங்குவது இயல்பு. அவை பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் மறையும். அதுவரை குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி, வாசலின் தடவி, தேய்க்காமலும் சொறியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளமோ சீழோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வெயில் படாமல் காப்பது மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

சில வாரங்கள் இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். படிப்படியான மங்கல் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கறை முழுவதும் மறைவது சிலருக்கே. முகத்தின் நடுப்பகுதியிலும் கைகால்களிலும் உள்ள கறை சிகிச்சைக்கு மெதுவாகவே இசையும். ஆண்டுகள் கழித்து நிறம் ஓரளவு திரும்பவும் கூடும். தடித்துப்போன கறையுள்ள பெரியவர்கள், ஆழமாகச் செல்லும் 755 அல்லது 1064 நானோமீட்டர் லேசர் தமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அவற்றில் தழும்பு விழும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அனுபவமுள்ளவரிடமே செய்துகொள்ள வேண்டும்.