அச்சில் இல்லாத புத்தகத்தை மின்னூலாக்குவது எப்படி: உரிமையிலிருந்து மெய்ப்பு வரை

வடசென்னையில் பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்குக் கவலை கொஞ்சம் கூடுதல். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வீட்டுக்குள் வரும் மழைத் தண்ணீர். கொண்டித்தோப்பு, சூளை என்று முகப்பில் முகவரி போட்டு வந்த பெரிய எழுத்துக் கதைகளும் பாட்டுப் புத்தகங்களும் மலிவுத் தாளில் அச்சானவை. மடித்தால் தாள் ஒடிகிறது. இவற்றை மின்னூலாக்குவது தள்ளிப்போடக் கூடாத வேலை. ஆனால் வெளியிடும் எண்ணம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உரிமை.

ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் எண்ணுங்கள். பெரம்பூர் மில் தொழிலாளர்களோடு நின்ற திரு.வி.க. மறைந்தது 1953-ல், அவர் எழுத்தின் உரிமைக் காலம் 2013 டிசம்பர் 31-உடன் முடிந்தது. முகப்பில் 'காபிரைட் பதிப்பாளருக்கே' என்று இருந்தாலும் கணக்கு ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்துதான். ஆசிரியர் யாரென்றே வெளிவராத நூலுக்கு முதல் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பார்க்கலாம்.

பலரும் சறுக்குவது அணிந்துரையில். நூலாசிரியர் 1950-லேயே போயிருப்பார். அணிந்துரை எழுதியவர் 1990 வரை இருந்திருப்பார். உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர் எல்லோருக்கும் தனித்தனி உரிமை. சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் வெளியிடுங்கள். அட்டையைப் புதிதாகப் போடுங்கள்.

உரிமை இன்னும் உயிரோடு இருந்தால், வீட்டுப் பெரியவர் "போட்டுக்கோ தம்பி" என்று சொல்வது போதாது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மின்னூலை சிங்கப்பூரிலும் வாங்குவார்கள். ஆகவே 'மின்னூல் வடிவம், உலகம் முழுவதும், இத்தனை ஆண்டு, இத்தனை சதவீதம்' என்று எழுத்தில் இருக்கட்டும். வாரிசைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் 31ஏ பிரிவில் உரிமம் கேட்கலாம். அது நீண்ட வழி. அதுவரை இணையத்தில் ஏற்றாதீர்கள்.

அடுத்து, புத்தகம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சானால், 17, 33, 49-ஆம் பக்கங்களின் அடியில் ஃபாரம் எண் சின்னதாக இருக்கும். அந்த வரிசை அறுந்தால் பக்கம் போயிருக்கிறது என்று பொருள். கன்னிமாரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ இன்னொரு பிரதி தேடுங்கள். கடைசியில் 'பிழைதிருத்தம்' பக்கம் இருந்தால் அது பொக்கிஷம். ஆசிரியரே சொன்ன திருத்தங்களை உள்ளே சேர்த்துவிடலாம்.

ஸ்கேனுக்கு 400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 400 புள்ளி போதும். கிரவுன் அளவுப் பக்கம் சுமார் 5 அங்குலத்துக்கு 7¼ அங்குலம். அதற்கு 2000-க்கு 2900 புள்ளிகள் தேவை. 12 மெகாபிக்சல் கைபேசி ஒரு பக்கத்துக்குத் தாராளம், விரித்த இரண்டு பக்கத்துக்கு இழுபறி. ஒவ்வொரு பக்கமாகவே எடுங்கள். விளக்கு இரு பக்கமும் சாய்வாக இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும். மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, மேலே கண்ணாடி வைத்து எடுக்கலாம். வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் நொறுங்கும். பக்கங்களை நேராக்க ஸ்கேன்டெய்லர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

பிறகு படங்களைக் கூகுள் டிரைவிலோ டெசரக்ட் என்ற மென்பொருளிலோ கொடுத்து எழுத்தாக மாற்றலாம். பத்துப் பத்துப் பக்கமாகக் கொடுத்தால் விட்டுப்போனது எது என்று உடனே தெரியும். உழைப்பில் பெரும்பங்கு இதற்குப் பின்னால்தான். 1978 சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். ணா, றா, னாவுக்கும் தனி வடிவம். மென்பொருள் இவற்றை வேறெழுத்தாகப் படிக்கும். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி விழாமல் போனால் 'ம்' வெறும் 'ம' ஆகும். பழைய அச்சில் வரிக் கடைசியில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே உடைப்பார்கள். எங்கே சேர்ப்பது, எங்கே இடைவெளி விடுவது என்பதை ஆள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. 'அவர்கள்' என்பதில் 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் உட்கார்ந்திருக்கும். திரையில் சரியாகவே தெரியும். தேடினால் சொல் கிடைக்காது. துணைக்கால் மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால், இதை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். 'கௌரவம்' வேறு கதை. அங்கே 'கெ'வும் 'ள'வும் தனித்தனியாக விழுந்திருக்கும். ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்ந்ததையெல்லாம் மொத்தமாக 'ௌ' ஆக்கினால் 'தெளிவு', 'வெளி' எல்லாம் உடையும். இதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். மெய்ப்பு எப்போதும் படத்தோடு ஒப்பிட்டு, இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் படத்தைப் பார்ப்பது பழைய முறை; இன்றும் அதை விஞ்ச ஒன்றில்லை.

ஆசிரியரின் எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். பாட்டுப் புத்தகத்தில் பேச்சு வழக்கு அப்படியே இருப்பதுதான் அதன் உயிர். எழுத்து வடிவத்தை மட்டும் புதிய முறைக்கு மாற்றி, அதை முன்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

ஈபப் என்ற மின்னூல் கோப்பை சிகில் என்ற மென்பொருளில் செய்யலாம். மொழி 'தமிழ்' என்று உள்ளே குறிப்பிடுங்கள். வரிகளை இருபுறமும் சமமாக்க வேண்டாம். நீளச் சொற்களால் நடுவே பள்ளம் விழும். பாட்டு வரியை இடைவெளி தட்டி நகர்த்தாமல், கோப்பின் பாணி (ஸ்டைல்) அமைப்பில் உள்தள்ளுங்கள். முடித்ததும் கோப்பின் பிழை பார்க்கும் ஈபப்செக்கில் ஓடவிட்டு, சின்னத் திரைக் கைபேசியில் ஒருமுறை முழுக்கப் புரட்டுங்கள்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசம். அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் போடக் கூடாது. அமேசான் கிண்டிலில் உரிமைக் காலம் முடிந்த நூலுக்கு விலையில் 35 சதவீதம்தான் தருவார்கள். இலவசப் பதிப்பு ஏற்கெனவே அங்கே இருந்தால், நீங்கள் எழுதிய குறிப்புரையோ புதிய படங்களோ சேர்க்காமல் ஏற்க மாட்டார்கள். பதிப்புப் பக்கத்தில் எந்த ஆண்டுப் பிரதி, எந்த அச்சகம், யார் மெய்ப்பு என்று போட்டு, திருத்தும்போதெல்லாம் பதிப்பு எண்ணை 1.1, 1.2 என்று ஏற்றுங்கள். வாசகர் பிழை சொல்லி எழுதும்போது எந்தக் கோப்பைத் திறப்பது என்று அந்த எண்தான் காட்டும்.