மொட்டையடிக்காமல் கவாத்து செய்வது எப்படி?

தெருவோர மரத்தின் உச்சியை வெட்டித் தள்ளி, நாலைந்து முண்டுகளை மட்டும் நிற்க வைத்துவிட்டு ‘கவாத்து முடிஞ்சது’ என்பார்கள். கவாத்து என்றால் தேவையான கிளைகளை மட்டும் அளவோடு வெட்டுவது. இது கவாத்து இல்லை, மொட்டையடிப்பு. மரத்தால் ஆபத்து வரக்கூடாது என்றுதான் பெரும்பாலும் இப்படி வெட்டுகிறார்கள். ஆனால் ஆபத்து அதற்குப் பிறகுதான் கூடுகிறது.

காரணம் எளிது. மரத்துக்கு உணவு தயாரிப்பவை இலைகள். மிஞ்சிய உணவு மாவுச்சத்தாகக் கிளையிலும் தண்டிலும் வேரிலும் சேர்கிறது. மொட்டையடித்தால் வரவு நிற்கிறது. கிளையில் இருந்த சேமிப்பும் லாரி ஏறிப் போய்விடுகிறது. மிச்சத்தைச் செலவழித்து மரம் அவசரமாகத் துளிர்விடும். ‘எப்படித் தழைத்துவிட்டது பார்!’ என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் அந்தப் போத்துகள், அதாவது புதிதாகத் துளிர்த்த கிளைகள், கட்டையின் மேலடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. இயல்பாக வளர்ந்த கிளையைப் போல உள்ளிருந்து பிடிப்போடு வந்தவை அல்ல. அவை வேகமாக நீண்டு கனக்கும்போது, கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு பலத்த காற்று போதும். இதற்கிடையே உணவு கிடைக்காமல் வேர் நுனிகள் மடியும். நிழலிலேயே இருந்த பட்டை திடீர் வெயிலில் வெடிக்கும்.

சரி, முறையாக எப்படி வெட்டுவது?

1. வெட்டத்தான் வேண்டுமா?

காய்ந்தது, ஒடிந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது, வழியை மறைப்பது: இவை வெட்ட வேண்டிய கிளைகள். ‘இலை கொட்டுகிறது’, ‘ரொம்ப உயரமாகிவிட்டது’ என்பதெல்லாம் என் கணக்கில் காரணமே இல்லை. அடிமரத்தில் விரிசல், காளான், ஒரு பக்கமாக மண் எழும்புதல் தெரிந்தால் மரவியல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பொது இடத்து மரமானால் அனுமதி வாங்குங்கள். கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அது நம் வேலையே இல்லை.

2. அளவு

நன்றாக இருக்கும் மரத்தில்கூட ஓர் ஆண்டில் கால் பங்கு (25%) தழைக்கு மேல் எடுக்கக் கூடாது. இது உச்ச வரம்பு. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. வயதான மரத்துக்கு இன்னும் குறைவு. காய்ந்த கிளைகள் இந்தக் கணக்கில் வராது.

உள்ளே இருக்கும் சிறு கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் தழையை விடுவதும் தவறுதான். பாரம் முழுக்க நுனிக்குப் போய், காற்றில் கிளை எளிதாக ஒடியும்.

3. வெட்டும் இடம்

கவாத்தில் முக்கால்வாசி விஷயம் இதுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் போல ஒரு பகுதி தெரியும். அதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். வெட்டு அதற்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு வழித்து வெட்டினால் காயம் பெரிதாகி அழுகல் தண்டுக்குள் இறங்கும். முண்டு விட்டு வெட்டினால் அந்த முண்டு செத்து, அதன் வழியாக அழுகல் வரும்.

ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தவர் அமெரிக்க வன ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி அதை அடைத்துவைக்கிறது என்று அவர் விளக்கினார். அந்தச் சுவர் பலமாக எழும்பும் இடம் கிளைக் கழுத்து. அதனால்தான் அதைத் தொடக் கூடாது.

4. மூன்று வெட்டு

ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால், கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். எனவே:

- தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கமாகக் கால் பங்கு ஆழம் அறுங்கள்.
- அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து முழுதாக அறுங்கள். கிளை விழுந்துவிடும்.
- மிஞ்சிய முண்டைக் கழுத்துக்கு வெளியே சுத்தமாக அறுத்தெடுங்கள்.

தரையில் நின்று கைரம்பத்தால் எட்டும் கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏணி, இயந்திர ரம்பமெல்லாம் பழகியவர்களுக்கு.

5. கிளையைக் குட்டையாக்க வேண்டுமென்றால்

நடுவில் எங்கேயோ துண்டிக்காதீர்கள். வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக் கிளை வரை வந்து, அங்கே வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

6. வெட்டியபின்

பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம். பூச்சு பொதுவாக அழுகலைத் தடுப்பதில்லை. சில நேரம் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்துவிடும்.

ஏற்கெனவே மொட்டையடித்த மரம் என்றால்?

துளிர்த்த போத்துகளை உடனே கழிக்காதீர்கள். இப்போதைக்கு மரத்துக்கு உணவு தருபவை அவைதான். ஓரிரு ஆண்டுகள் விட்டுப் பிடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு முண்டிலும் உறுதியாக, இடைவெளியோடு நிற்கும் ஒன்றிரண்டு போத்துகளைக் குறித்துக்கொண்டு, மற்றவற்றை ஆண்டுக்குக் கொஞ்சமாக எடுங்கள். முண்டு பெரிதாக அழுகியிருந்தால் அதன் மேல் நிற்கும் போத்தை நம்பி வளர்க்க வேண்டாம்.